மான் படம் போட்ட சவுண்ட் கார்டு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மறந்துபோய் பழைய கதைக்குள் இறங்கிவிடுவேன், மன்னிக்க வேண்டும். ஆட்கள் முன்னால் பேசக் கூச்சம். அதனால்தான் பேத்தியின் பழைய கொப்பியில் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் மேலே ஏறும் பக்கம். மருமகன் வெளிநாட்டில். மகளும் நாலு வயதுப் பேத்தியும் என்னோடு லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார்கள். மகளுக்குக் கொழும்புக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சாமான் வாங்கினவர்கள் போன் எடுத்துக் கேட்டால், சிங்களத்திலும் தமிழிலும் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே லெப்டொப்பில் பேசலாம். ஆனால் முதல் ரெண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். வீட்டிலிருந்து சரிவராவிட்டால் கொழும்புக்குப் போய் போடிங்கில் தங்கிச் செய்ய வேண்டும். அப்படிப் போனால் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

லெப்டொப் பழசு. ஹெட்போன் குத்துகிற ஓட்டை வேலை செய்யவில்லை. அதற்காக கொடகவெலயில் ஒரு கடையிலிருந்து பெருவிரல் அளவு சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவந்தாள். பக்கத்தில் சொருகினால் ஹெட்போனும் மைக்கும் அதன் வழியாகப் பேசும். நான் கையில் வாங்கிப் புரட்டினேன். பின்னால் ஓடுகிற மான் படம்.

"இது வேணாம். திருப்பிக் குடுத்துட்டு வா," என்றேன்.

"ஏன்ம்மா?"

"இது தராசுக் கம்பெனி."

அந்த மானை எனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கம்பித் தராசை எடுத்துவிட்டு நம்பர் விழுகிற தராசு வைத்தார்களே, அதன் நெற்றியிலும் அதே மான்தான். அது வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் கொழுந்து குறைந்தது. காலையிலிருந்து முதுகு ஒடிய எடுத்தாலும் கிலோ காணாமல் போய்விடும், அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். "மான் மேஞ்சிருச்சு" என்பது எங்கள் மலையில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அந்தக் கம்பெனி டோர்ச் செய்தாலும் சரி, ரேடியோ செய்தாலும் சரி, எங்கள் லயத்தில் ஒருத்தரும் வாங்க மாட்டோம்.

மகள் கேட்கவில்லை. மூன்றாம் நாளே கொழும்பு மிஸ் கூப்பிட்டார். பேசும்போது பின்னால் வண்டு இரைகிற மாதிரிச் சத்தம் வருகிறதாம். சனிக்கிழமை தானே பேசிப் பார்ப்பாராம். அதற்குள் சரியாகாவிட்டால் ஆபீஸுக்கே வந்துவிடச் சொன்னார். மகள் "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றிவைத்தாள். பேத்தியின் தலையை வாரிவிட ஆரம்பித்தாள். காலையில்தான் வாரியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, கோயிலுக்கு சவுண்ட் செட் போடுகிற தம்பியைக் கூட்டிவந்தாள். எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரர். மானைப் பார்த்ததும் சிரித்தார்.

"இந்தக் கம்பெனி எடைய முழுங்கும், சத்தத்தையும் முழுங்குமா? என்னக்கா, வீட்டுக்குள்ளயே மடுவம் வச்சிருக்கீங்க?"

தன்னுடைய சவுண்ட் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கறுப்புப் பெட்டி, தங்க எழுத்து. அந்தக் கம்பெனியின் ஸ்பீக்கர்தான் பெரிய கோயில்களில் எல்லாம் என்றார். அன்றைக்கு மழையில் மரம் விழுந்து கரண்ட் இல்லை. லெப்டொப் பேட்டரியில் ஓடியது. மகள் மிஸ்ஸோடு பேசிப் பார்த்தாள். மிஸ் "தென் ஹொந்தாய்", இப்போ நல்லது என்று சொன்னது எனக்கே கேட்டது. நான் சொன்னேனே என்று மகளைப் பார்த்தேன்.

மறுநாள் கரண்ட் வந்தது. இரைச்சலும் வந்தது, தங்க எழுத்து சொருகி இருக்கும்போதே. போனில் ஒருவர் என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். தம்பியிடம் சொன்னால், "அது டவர் பிழை," என்றார். மகளோ, "மழைக்கு அப்படித்தான்ம்மா," என்றாள்.

எனக்கு அங்கேதான் சந்தேகம் விழுந்தது. நேற்று வரைக்கும் இரைந்தால் மான் பிழை. இன்றைக்கு அதே இரைச்சல் டவருக்கும் மழைக்கும் போகிறது. தங்க எழுத்தை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே நான் பழைய கதைக்குப் போக வேண்டும். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

மலையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தராசில் சந்தேகம் வந்தால் எடை தெரிந்த சாமானை வைத்துப் பார்ப்போம். ஒருநாள் நான் உடைக்காத ஒரு கிலோ சீனி பக்கெட்டைப் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குக்குள் சுருட்டிக்கொண்டு போனேன். எடை எழுதுகிற கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி நின்றபோது மான் தராசில் வைத்தேன். சரியாக ஒன்று காட்டியது. பக்கெட்டில் சீனி கூடப் போட்டிருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் என் கொழுந்து ஏறும்போது எட்டிப் பார்த்தேன். தராசில் பதினெட்டு. கணக்கப்பிள்ளை வாயில் பதினாறு. சாக்குக்கும் தண்ணிக்கும் என்று ரெண்டை அவர்தான் வெட்டியிருக்கிறார். மான் ஒன்றும் மேயவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. கூச்சமா பயமா என்று இன்றைக்கும் தெரியாது. அவரைச் சொன்னால் மறுநாள் கொழுந்தே கிடைக்காத புல்லு மலைக்கு அனுப்புவார். மானைத் திட்டினால் யாருக்கும் கோபமில்லை. நானும் எல்லாரோடும் சேர்ந்து திட்டினேன். சனங்கள் சத்தம் போட்டதில் தோட்டத்துத் துரை வேறு கம்பெனித் தராசு கொண்டுவந்தார். தராசு மாறியது, வெட்டு மாறவில்லை.

இதை நினைத்துக்கொண்டே லெப்டொப்பைப் பார்த்தேன். நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? கரண்ட்தான். சார்ஜர் பிளக்கின் மூன்றாவது காலை மகள் எப்போதோ உடைத்துவிட்டு ரெண்டு ஓட்டை கரண்ட் பலகையில் குத்தியிருந்தாள். அதைப் பிடுங்கினேன். மகள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"நின்னுருச்சும்மா."

அப்போதும் நான் நம்பவில்லை. தம்பியை அவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லி, மகள் லெப்டொப்பிலிருந்து அவருக்குப் போன் எடுத்தாள். எது சொருகியிருக்கிறது என்று சொல்லவில்லை. முதலில் மானைச் சொருகி, சார்ஜர் இல்லாமல் பேசினாள்.

"இதுதான் நம்ம சாமான். கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார்.

அடுத்தது தங்க எழுத்து, சார்ஜரோடு.

"ச்சே, மானைத் தூக்கிச் சாக்கடைக் கானுக்குள்ள போடும்மா."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தோம். சார்ஜர் பிடுங்கிய நேரமெல்லாம் அவருக்குத் தன் கார்டு, குத்திய நேரமெல்லாம் மான்.

"மாமாகிட்ட சொல்லவா?" என்று கேட்டாள்.

"வேணாம். உதவி செஞ்ச மனுசன்," என்றேன். மறுபடியும் அதே திறக்காத வாய்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்கு வேண்டுமென்று அவர் தன் கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை எங்களிடம் மான் மட்டும்தான். விடியும் முன்பே எழுந்துவிட்டேன். சீனி பக்கெட்டு ஒருதரம் சரி காட்டியது என்பதற்காக எப்போதும் காட்டுமா? பேட்டரியை நிறைத்து, சார்ஜரைக் கழற்றிச் சேலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டேன்.

மிஸ் கூப்பிட்டு நிறைய நேரம் பேசினார். கடைசியில், சத்தம் சரியாகியிருக்கிறது, இப்போது எந்தக் கம்பெனி சாமான் என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் தங்க எழுத்துக் கம்பெனியின் பேரைச் சொன்னாள். அதுதான் நன்றாகக் கேட்கிறது, வித்தியாசம் அப்படியே தெரிகிறது என்றார் மிஸ். வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்.

பிள்ளை அம்மாவோடு இருக்கிறாள், அது போதும். ஆனால் தம்பி தன் கார்டால்தான் மகளுக்கு வேலை நிலைத்தது என்று கோயிலடியில் சொல்கிறார். மகளும் தலையாட்டுகிறாள். மான் இன்றைக்கும் லெப்டொப்பில் இருக்கிறது. மகள் அதன் மேல் டேப் ஒட்டிவிட்டாள்.

தம்பி வந்தது செவ்வாய் என்று எழுதியிருக்கிறேன், மகள் திங்கள் என்கிறாள். மூன்றாவது கால் இல்லாத சார்ஜர் இப்படி இரையுமா என்று கரண்ட் வேலை தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அந்த மான் தராசு கொழுந்து மடுவத்துப் பின்னறையில் கிடக்கிறதாம். இளவயதுக்காரர் யாராவது ஒரு கிலோ சீனி வைத்துப் பாருங்கள். அப்படியே இப்போதுள்ள தராசையும், அது காட்டுகிறதையும், கணக்கப்பிள்ளை வாயால் சொல்கிறதையும் சேர்த்துப் பாருங்கள். என் கண்ணை நம்பி மட்டும் விடாதீர்கள்.