கொடி தாழ்ந்த ஞாயிறு

முதல் அடி கொடிக்கம்பால் விழுந்தது. அதுவரை என் மகன் கையில் இருந்த மூங்கில் கம்பு அது. வார்டுக் காவலன் ஒருவன் கொடியை மட்டும் அவிழ்த்து, மடித்து, தன் தோளில் பத்திரமாகப் போட்டுக்கொண்டான். பிறகு வெறும் கம்பால் என் மகனின் முதுகில் அடித்தான். கம்பு பிளந்தது. பிளந்த கம்பாலேயே மறுபடியும் அடித்தான். சட்டையோடு தோலும் கிழிந்தது. பின்னால் பாடிக்கொண்டு வந்த பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்த அடி தங்கள்மேல் விழும் என்று பயந்திருக்கலாம். பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி அங்கேயே நின்றதால், நற்கருணைக்கு முன்னால் பாட்டை விடக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நகரத்துக்கு வேறு பெயர் வந்துவிட்டது; வீட்டில் நாங்கள் சைகோன் என்றுதான் சொன்னோம். நான் காரைக்காலில் பிறந்தவன். இங்கே ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். அந்த வேலை போனபின் சீனர்கள் வசிக்கும் சோலோன் பகுதியில் ஒரு பட்டறையில் ரப்பர் செருப்புகளுக்கு வார் மாட்டினேன். மனைவி வடக்கிலிருந்து அகதியாக வந்த வியட்நாமியக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்களுக்கு ஒரே மகன், பதினெட்டு வயது. கம்போடிய எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. படையில் சேரச் சொல்லி அவனுக்கு அழைப்பு வந்திருந்தது.

அழைப்பு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ காலையில் எழுந்து ஓடிப் பழகினான். என்னிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, அதைக் காட்டி உன்னை வெளியே கொண்டுபோக முடியுமா பார்க்கிறேன் என்றேன். சிரித்துவிட்டான்.

“நீங்க பிரெஞ்சுக்காரர்னா நான் ஜப்பான்காரன். இது நம்ம நாடுப்பா. ஆளுறது யாரா இருந்தா என்ன?”

நற்கருணைப் பவனியைத் தெருவில் நடத்த அப்போது அனுமதி இல்லை. கோயில் வளாகத்துக்குள் சுற்றிவரலாம், தேசியக் கொடி முன்னால் போக வேண்டும் என்று வார்டு அலுவலகம் சொல்லிவிட்டது. படைக்குப் போகப்போகிற பையன் பிடித்தால் அவர்களுக்கும் திருப்தியாக இருக்கும் என்று பங்குப் பெரியவர்கள் என் மகனிடம் கொடியைக் கொடுத்தார்கள்.

என் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். காரைக்கால் கோயிலில் நற்கருணையை உயர்த்தும்போது, சீருடையில் வந்த சிப்பாய்கள் கொடியின் நுனி தரையைத் தொடும்வரை தாழ்த்துவார்கள். ஓர் அரசு தனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்ளும் நேரம் அது என்பார் அப்பா. நானும் அதை மகனுக்குச் சொல்லியிருந்தேன். இன்றும் நம்புகிறேன். தனக்கு மேலே யாருமில்லை என்று நினைக்கிற அரசு, தன் மக்களை என்ன வேண்டுமானாலும் செய்யும்.

சாமியார் கதிர்ப்பாத்திரத்தை உயர்த்தினார். மகன் ஒரு முழங்காலை ஊன்றி, கொடியை மெதுவாகச் சாய்த்தான். முதல் நாள் மழை பெய்திருந்தது. சிவப்புத் துணி ஈர மண்ணில் படிந்தது. வாசலில் நின்ற காவலர்கள் ஓடிவந்தார்கள்.

நான் நடுவில் போய் விழுந்தேன். காலைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினார்கள். மகன் எழப் பார்த்தபோது இன்னொரு காவலன் துப்பாக்கிக் கட்டையால் அவன் இடது காதோடு சேர்த்து அறைந்தான். சத்தம் எனக்குக் கேட்டது. ரத்தம் காதிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வெள்ளைச் சட்டைக்குள் போனது.

வார்டு அலுவலகம் முன்பு ஒரு துணிக்கடையாக இருந்த கட்டடம். காவலர்களின் தலைவர் நடுத்தர வயதுக்காரர், காட்டில் பல வருடம் சண்டை போட்டவர். எங்கள் இருவரையும் அவர் முன்னால் நிறுத்தினார்கள். பையன் நற்கருணை அப்பம் வாங்குவதற்காகக் காலையிலிருந்து சாப்பிடவில்லை, தலைசுற்றிக் கை வழுக்கிவிட்டது என்று நான் சொன்னேன். அவர் யோசித்தார். ஏற்றுக்கொள்ள அவருக்கு மனமிருந்தது என்றுதான் நினைக்கிறேன். மகன் பக்கம் திரும்பி, உன் அப்பா சொல்வது சரிதானா என்று கேட்டார்.

வீட்டில் நானும் அவனும் மட்டும் பேசும் தமிழில் சொன்னேன்: “ஆமான்னு சொல்லுடா. அவ்வளவுதான். வீட்டுக்குப் போயிடலாம்.”

என்ன பாஷை அது, யாருக்குத் தகவல் கொடுக்கிறாய் என்று ஒரு காவலன் என் வாயில் அடித்தான். உதடு கிழிந்தது. மகன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் புரியும்படி வியட்நாமிய மொழியில் பேசினான்.

“வழுக்கலை. நானாத்தான் தாழ்த்தினேன். கடவுளுக்கு முன்னாடி என் நாட்டுக் கொடியைத்தானே தாழ்த்த முடியும்? வேற நாட்டுக் கொடியையா தாழ்த்துவேன்?”

தலைவர் எழுந்து வந்தார். “என் தம்பி செத்தப்போ அவன்மேல இந்தக் கொடியைத்தான் போர்த்தினோம். நீ அதைச் சேத்துல போட்டே.”

அதற்கு என் மகனிடம் என்ன பதில் இருந்ததோ, தெரியாது. சொல்ல விடவில்லை. வயிற்றில் உதைத்தார். அவன் மடங்கி விழுந்ததும் மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நடுவில் பலகைச் சுவர்தான். அவன் உடம்பு மோதும்போதெல்லாம் பலகை என் பக்கம் அதிர்ந்தது. அதில் உள்ளங்கைகளை வைத்து நின்றேன். செபம் வரவில்லை. “பரலோகத்தில் இருக்கிற” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. இன்றும் பக்கத்து வீட்டில் ஏதாவது விழுந்தால் என் கைகள் தாமாகவே விரிந்துகொள்கின்றன.

படைக்கு ஆள் வேண்டியிருந்ததால் அவனை விட்டார்கள். முகம் வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தான். மனைவி வெந்நீரில் துணி நனைத்துக் காயங்களைத் துடைத்தாள். இடது பக்கம் நின்று அவள் பேசியது அவனுக்குக் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காதைப் பற்றிப் படையின் மருத்துவப் பரிசோதனையில் சொல்லிவிடு, தப்பித்துக்கொள்ளலாம் என்றேன்.

“நானாப் போய்ச் சொல்லமாட்டேன். விசாரிச்சா மறைக்கமாட்டேன்.”

மருத்துவர் விசாரித்தார். காது எப்படிப் போனது என்றும் கேட்டார். நானும் காவலர் தலைவரும் அந்த அறையில்தான் இருந்தோம். மகன் நடந்ததை நடந்தபடி சொன்னான். நான் அடுத்த உதைக்காகக் காத்திருந்தேன். தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். படைக்கு ஆகாது என்று மருத்துவர் எழுதினார். பிள்ளை பிழைத்தான். அன்றிரவு கடவுளுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தவன், அந்தத் துப்பாக்கிக் கட்டைக்குத்தான் நன்றி சொல்கிறேனோ என்று தோன்றி எழுந்துவிட்டேன்.

படைக்கு ஆள் ஏற்ற லாரி வந்த காலையில் அவன் பையை எடுத்துக்கொண்டு தெருவில் போய் நின்றான். போதுமான ஆள் சேரவில்லை என்றால் ஒரு காது கேட்கிறவனையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். நான் பின்னாலேயே போனேன். கூட்டமும் முரசும் அழுகையுமாக இருந்தது. பெயர்களை வாசித்து முடித்தார்கள்.

“என் பேரைக் கூப்பிட்டாங்களா?” என்று கேட்டான்.

“கூப்பிடலைடா.”

அது உண்மை. ஆனால் அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்ற காவலர் தலைவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டான். அவர் அவனுடைய வலது காதருகே குனிந்து பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் மகன் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.