வாடித் தராசில் என் நிறை

சென்ற வருடப் பெருநாளில் மாதா சுரூபக் கூடு ஒரு பக்கம் தாழ்ந்தது என்னால்தான். எட்டுப் பேர் தோளில் சுமக்கும் கூடு அது. முன்வரிசையில் வலப்பக்கத் தடி பதினேழு வருடமாக என் தோளில் இருந்தது. அன்று பாதி வழியில் என் வலது முழங்கால் மடங்கிவிட்டது. பக்கத்தில் நடந்த ஒருவர் பாய்ந்து வந்து தடியைத் தாங்கிக்கொண்டார். ஊர்வலம் முடிந்ததும், கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் என்னை வாசலில் நிறுத்தினார்.

“நிறையைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி அடுத்த வருசம் மெழுகுதிரியோடை பின்னாலை வாங்கோ.”

முருங்கன் ஆஸ்பத்திரியில் முழங்காலைப் பார்த்த டொக்டரும், எண்பத்தைந்து கிலோவுக்குக் கீழே வராமல் பாரம் தூக்கக்கூடாது என்றார். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் தவக்காலத்தோடு தொடங்கினேன். நிறை எழுதவென்று வாங்கிய கொப்பியின் முதல் வரி இது: விபூதிப் புதன், காலை ஆறு இருபது, தொண்ணூற்று நாலு கிலோ.

நிறை பார்த்த இடம், அரிப்புக் கடற்கரையில் மனைவியின் தம்பி நடத்தும் மீன் வாடி; மீனை நிறுத்து வாங்கும் கொட்டில். வீட்டுத் தராசுகள் ஆளுக்கு ஏற்றபடி பேசும். வாடித் தராசு திருக்கைக்கும் எனக்கும் ஒரே நீதிதான் சொல்லும். நான் ஏறி நின்றதும் நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், “செவுளைத் தூக்கிப் பாருங்கோ, பழசு போலை கிடக்கு” என்றார். வாடி முழுக்கச் சிரித்தது.

வாசித்த புத்தகங்களிலிருந்து நான் எடுத்த முடிவு எளிமையானது. ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது கலோரி, மாப்பொருளில் நாலு. ஆகவே கொழுப்பை நிறுத்தினால் போதும். மனைவி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர்.

“ஒன்பதை விட்டிட்டு நாலை மூண்டு மடங்கு சாப்பிட்டால் எவ்வளவு?” என்று கேட்டார்.

“நீர் வகுப்பிலை கேக்கிற கேள்வியை இஞ்சை கேக்காதையும்” என்றேன்.

தவக்காலம் முழுக்க இறைச்சி, எண்ணெய், தேங்காய்ப்பால் மூன்றையும் தொடவில்லை. தேங்காய்ப்பூப் போடாத புட்டு, வாழைப்பழம், அவித்த மரவள்ளி. ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை என்ற தைரியத்தில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன். தவக்காலம் முடிந்து, பாஸ்குத் திங்கள் காலை தராசில் ஏறினேன். தொண்ணூற்றாறு.

“அத்தான், நாப்பது நாள் ஒறுத்தலுக்கு ரெண்டு கிலோ கூடியிருக்கு. ஆண்டவருக்கு என்ன கணக்குச் சொல்லப் போறியள்?” என்றான் மச்சான்.

அன்று மத்தியானமே மனைவியின் வழிக்கு வந்தேன். அவர் கொழுப்பைத் துரத்தவில்லை, கூட்டலில் சேர்த்துக்கொண்டார். தேங்காய்ப்பால் சொதி இரண்டு அகப்பை திரும்பி வந்தது. சோறு பாதியானது. மீன் ஒரு துண்டு, கீரை வேண்டிய மட்டும். எல்லாம் நிறுத்து, கலோரியாக்கி, கொப்பியில் ஏறியது. சொதி உள்ளே போனதாலோ என்னவோ, பின்னேரம் வரை பசி தலைகாட்டவில்லை. ஒன்பது திங்கட்கிழமைகளில் எட்டுக் கிலோ இறங்கி எண்பத்தெட்டானது.

அதன் பிறகு முள் அசையவில்லை. மூன்று திங்கட்கிழமை தொடர்ந்து அதே எண்பத்தெட்டு. பெருநாளுக்கு ஆறு கிழமைதான் இருந்தது. முன்வரிசைக்கு வேறொருவரைப் பார்த்துவைத்திருப்பதாகக் கதை வந்தது. கொப்பியை வரிக்கு வரி பார்த்தேன். ஒரு பிழையும் தெரியவில்லை.

ஒரு காலை மனைவி மேசையில் ஓலைக் குட்டான்களை வரிசையாக வைத்தார். பனைவெல்லமான பனங்கட்டி நிறைந்து வரும் சின்ன ஓலைப் பெட்டிகள், பதினொன்றும் வெறுமை.

“இஞ்சருங்கோ, இது ஆர் சாப்பிட்டது?”

“தேத்தண்ணியோடை கடிச்சது.”

“கொப்பியிலை எங்கை?”

“தேத்தண்ணி எழுதியிருக்கிறன். அதுக்குள்ளை சீனி போடேல்லை.”

“கோப்பைக்குள்ளை போடேல்லை. வாய்க்குள்ளை போட்டனீங்கள்.”

உள்ளங்கையில் பனங்கட்டியை வைத்து, ஒரு கடி, ஒரு மிடறு என்று வெறும் தேநீர் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கையில் இருப்பதை யாரும் உணவென்று எண்ணுவதில்லை. நாளுக்கு ஏழு தேநீர், ஏழு துண்டு. கொழுப்பு அறவே இல்லாத அந்தத் துண்டுகள்தான் என்னை எண்பத்தெட்டிலேயே கட்டி வைத்திருந்தன. நாள் நேரம் பிசகாமல் எழுதுகிறவன் என்று பெருமைப்பட்ட நான், அன்று முதல் இரண்டு தேநீர், ஒரு துண்டு என்று குறைத்து, அதையும் எழுதத் தொடங்கினேன்.

பெருநாளுக்கு முந்திய திங்கள், காலை ஆறு பதினைந்து: எண்பத்து நாலரை. “இறங்கீட்டுது!” என்று மச்சான் கத்தியதில் காகங்கள் கலைந்து பறந்தன. நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து முள்ளைக் குனிந்து பார்த்தார். “இண்டைக்குப் பிடிச்ச மீன்” என்று தீர்ப்புச் சொன்னார்.

கொப்பியை மூப்பரிடம் கொண்டு போனேன். அவர் விரித்தும் பார்க்கவில்லை.

“கொப்பியோ கூடு தூக்கப்போகுது? குந்தி எழும்புங்கோ.”

கோயில் முற்றத்தில் பத்துத் தரம் குந்தி எழுந்தேன். பதினோராவதையும் கேட்காமலே செய்தேன்.

பெருநாளன்று முன்வரிசை வலப்பக்கத் தடி என் தோளில் ஏறியது. போன முறை முழங்கால் மடங்கிய இடம் வந்தபோது காலை நன்றாக ஊன்றி நடந்தேன். கடற்கரை வரை போய், திரும்பி, கோயில் வாசலில் கூட்டை மெதுவாக இறக்கி வைத்தோம். மூப்பர் மெழுகுதிரியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

“தடி ஒருக்காலும் தாழேல்லை” என்றார்.