அரம் போட்ட பல்

எழுபதுகளின் கடைசியில் போடியில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடித் தேடி அலுத்துப்போயிருந்தார்கள் என்பதே சரி. என் முன்பல் ஒன்று எத்துப்பல். வாயை மூடினாலும் அது மட்டும் வெளியே நின்று வருவோர் போவோரை விசாரிக்கும். சிலமலையில் ஒரு வீட்டில் பல்லைச் சொல்லியே தட்டிக் கழித்தார்கள். அதன்பிறகு உதட்டை இழுத்து மூடிக்கொண்டு பேசப் பழகினேன். நான் பேசுவது விளங்கவில்லை என்று கடைக்கு வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் நூலகத்தில் ஒரு பழைய வார இதழில் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. ஆதிகால மனிதர்களின் பற்களைப் பற்றியது. சில கூட்டத்தார் அழகுக்காகவே முன்பற்களைக் கல்லால் தேய்த்து ராவிக்கொண்டார்களாம். அரைக்கிற கல்லின் துகள் கலந்த மாவைத் தின்று தின்றே கடைவாய்ப்பல் தரைமட்டமாகத் தேய்ந்தவர்களும் உண்டாம். பக்கத்தில் ஒரு மண்டையோட்டின் படம். வரிசையாக ராவிய பல்லோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. மண்டையோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். கல்லை வைத்து அவர்கள் செய்ததை இரும்பு வைத்திருக்கிற நான் செய்ய முடியாதா?

எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். தோட்டத்துக் கவாத்துக் கத்தியைத் தீட்டுகிற அரம் ஒன்று கடையில் கிடந்தது. தேவாரத்தில் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் கண்ணாடி முன் நின்று ராவினேன். முதலில் மாவு மாதிரி உதிர்ந்தது. ஆகா, என்ன சுலபம்! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்ததில் திடீரென்று உச்சந்தலை வரை சுளீரென்றது. அரம் ஒரு பக்கம் விழுந்தது, நான் ஒரு பக்கம். எழுந்து பார்த்தால் பல் குட்டையாகியிருந்ததே தவிர, எத்து அப்படியே இருந்தது. போதாததற்குக் காற்றுப் பட்டாலே கூசியது.

தேவாரத்தில் பெண்ணின் அப்பாவும் ஏலக்காய்க்காரர்தான். பெண் காபி கொடுத்துவிட்டு நிலைப்படி ஓரம் போய் நின்றாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பல் கூசுமே என்று காபியைத் தொடவே இல்லை.

எங்கள் வியாபாரத்தில், காய் நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க உள்ளே இருக்கும் ஏலரிசியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள். டக்கென்று உடைந்தால் நல்ல சரக்கு, நசுங்கினால் ஈரம். இதுகூடத் தெரியாதவனுக்கு ஏலக்காய்க்காரர் யாரும் பெண் கொடுக்க மாட்டார். பெண்ணின் அப்பா ஒரு பிடி காயை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, கடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. குரங்கணி மலைச் சரக்கு. நேத்துத்தான் ஜீப்புல லோடு வந்துச்சு.”

அரிசியை நைசாகக் கடைவாய்க்குத் தள்ளினேன். அது வழுக்கித் தொண்டைக்குள் போய்விட்டது. “அருமையான சரக்கு” என்றேன்.

“கடிக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படி?”

வேறு வழியில்லாமல் இன்னொன்றை முன்பல்லில் வைத்துக் கடித்தேன். “ஆத்தாடி!” என்று நான் போட்ட கூச்சலில் கூடம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

“என்ன தம்பி, கல்லு கெடந்துச்சா?” என்று அவர் பதறினார்.

ஆமாம் என்றால் அவர் சரக்குக்குக் கெட்ட பெயர். அந்த வலியில் வேறு பொய்யும் ஓடவில்லை. “பல்லு கூசுதுங்க. நேத்து அரத்தை வச்சு ராவிட்டேன்” என்றேன்.

“அட கூறுகெட்டவனே! கத்தி தீட்டுற அரத்தையா வாயில விட்டே?” என்று கூட வந்திருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், இதுவும் போச்சு என்று செருப்பைத் தேடினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பல்லுக்காக இல்லை. அப்போது நிலைப்படியிலிருந்து அவள் கேட்டாள்.

“எதுக்கு ராவுனீங்க?”

“உங்களுக்குப் பிடிக்கணுமேன்னு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, மிச்சப் பல்லையாவது விட்டு வைக்கச் சொல்லுங்க. கல்யாணத்துல சோறு திங்க வேணாமா?”