ஆயிரத்து எண்ணூறு கதவுகள்

அம்மாவின் போனில் ஆயிரத்து எண்ணூறு கதவுகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், அத்தனையையும் அழித்தேன். அழித்ததோடு விடாமல், அதைப் பற்றிப் பெருமையாக என் வலைப்பதிவிலும் எழுதினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவள். காலை ஏழரைக்கு குடோனுக்குப் போய், தன் பங்குப் பெட்டிகளை இரண்டு பைகளில் அடைத்து, ஸ்கூட்டரின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். நான்கு வருடமாக ஒரே பகுதி, பதினாறு தெருக்கள். அதைத்தான் 'என் ரூட்டு' என்பாள், சொந்த நிலத்தைச் சொல்வதுபோல. ஆண்டு விடுமுறை நெருங்கினால் ஊரே சோபாவில் சாய்ந்தபடி போனில் கடைத்தெரு சுற்றும். வழக்கமான நாற்பது பெட்டி நூறாகிவிடும். அந்த மாதம் முழுக்க அம்மா நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள்.

அப்பா பெயிண்டர். விடுமுறைக்கு முன்னால் வீட்டைப் பளிச்சென்று ஆக்க நினைப்பவர்கள் நிறைய. அதனால் அவருக்கும் அதே மாதம்தான் ஓயாத வேலை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"நாலாவது தெருவுல பச்சை கேட்டுக்கு யாருங்க நீலம் அடிச்சது? நீங்கதானே?"

"வீட்டுக்காரர் கேட்டாரு, அடிச்சேன். உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"வாங்கணும். என் பொழப்புல பெயிண்ட் ஊத்தறதுக்குன்னே வந்து வாய்ச்சிருக்கீங்க."

அது வெறும் கிண்டல் என்று நினைத்து நானும் சிரிப்பேன். ஒரு கேட்டின் நிறம் மாறினால் அம்மாவுக்கு ஏன் கோபம் வருகிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேலை தேடுகிறேன். தேடுகிற நேரம் போக, போன்களையும் ஹெட்போன்களையும் பற்றி வலைப்பதிவு எழுதுகிறேன். முகம் தெரியாதவர்கள் "அக்கா, என் போன் சூடாகுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்பார்கள். உட்கார்ந்து பத்தி பத்தியாகப் பதில் எழுதுவேன். அம்மா எதைக் கேட்டாலும் "இரும்மா, வேலையா இருக்கேன்" என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தன் போனை நீட்டினாள். திரை ஓரத்தில் விரிசல், ஐந்து வயதான போன்.

"ரொம்ப மெதுவா போகுதுடி. நாளைலேர்ந்து பெட்டி குவியும். கொஞ்சம் பாரேன்."

திறந்தால் கேலரி முழுக்கக் கதவுகள். இரும்புக் கேட், மரக்கதவு, மாடிப்படி, அழைப்புமணி. ஒவ்வொரு படத்தின் மேலும் விரலால் கிறுக்கிய கோணல்மாணலான எண்கள். கை தவறிப் பட்ட கிறுக்கல் என்று முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம். அவள் மூன்றடி தூரத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன். அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். 'பலர் இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள்' என்று அடிக்கடி எழுதுகிறவள் ஆயிற்றே. நெட் செலவாகிறது என்று படங்களின் நகல் இணையத்தில் சேமிக்கப்படுவதை இரண்டு வருடத்துக்கு முன்பே நிறுத்தி வைத்தவளும் நான்தான்.

"வேகமா ஆயிடுச்சா?"

"பறக்கும்மா."

மாலையே பதிவு போட்டேன்: 'அம்மாவின் பழைய போனை அரை மணி நேரத்தில் புதிதாக்கியது எப்படி?' நடுவில் ஒரு நகைச்சுவை: 'சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். என் அம்மா அடுத்த வீட்டுக் கதவுகளைச் சேர்க்கிறார்.'

திங்கள் காலை ஒன்பதரைக்கு அம்மா அழைத்தாள். பின்னால் ஹாரன் சத்தம்.

"என் கதவெல்லாம் எங்கடி?"

"எந்தக் கதவு?"

"நீ என்னடி பண்ணித் தொலைச்ச?"

அழித்துவிட்டேன் என்றேன். அம்மா இதுவரை என்னிடம் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் அவள் பையில் ஒன்பது பெட்டிகள் மிச்சம். கொடுக்க முடியாமல் திரும்பிய பெட்டிக்கு அங்கே 'ரிட்டர்ன்' என்று பெயர். ஒரு நாளைக்கு மூன்றுவரை பொறுப்பார்கள். அதைத் தாண்டி இரண்டு நாள் தொடர்ந்தால் ரூட்டைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். 'நாளைக்கும் இப்படின்னா பைய வெச்சிட்டுப் போங்கம்மா' என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. பெட்டிகளைத் தெருவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வாங்குபவரின் போன் எண் இருக்கும்; அழைத்தால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு முதல்முறை போகும்போது கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து, கதவைப் படம் எடுத்து, அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அதன்மேல் விரலால் எழுதிவிடுவாள். அடுத்த முறை எண்ணைப் பார்த்தால் கதவு கிடைத்துவிடும். அடிக்கடி பெயிண்ட் மாற்றும் ஊரில் படங்களையும் மாற்றிக்கொண்டே இருந்தாள். நான்கு வருடம். அந்த எண்களைத்தான் கிறுக்கல் என்று நினைத்தேன்.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல் அவள்மேலேயே கொட்டினேன்.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா?"

"நான் வீட்லதானே இருக்கேன்? படிக்கத் தெரியாதுன்னு சொன்னா நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"என் கண்ணாடி காணோம், இந்தச் சீட்ட படின்னு பத்து வருஷமா உன்கிட்ட நீட்டறேன். நான் என்னைக்குடி கண்ணாடி போட்டிருக்கேன்?"

அப்பா சமாதானத்துக்கு வந்தார். "விடு, சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணா? ஊருக்கே போன் வைத்தியம் பாக்கறா. நீங்க வாயத் தொறக்காதீங்க, பாதிக் கதவ மாத்தினதே நீங்க."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சட்டையில் நீலப் பெயிண்ட்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரின் பின்னால் நானும் ஏறினேன். மடியில் ஒரு பை. தொண்ணூற்றாறு பெட்டிகள். நான் படித்துச் சொன்னால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முதல் தெருவிலேயே அந்தத் திமிர் இறங்கியது. பதினான்காம் எண் வீட்டுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று. பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, சில வீடுகளில் இரண்டுமே இல்லை. நான் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தமா படிக்காத. நான் செவிடா?"

"விலாசத்தைச் சொல்றேம்மா."

"விலாசம் இருக்கட்டும். நம்பரச் சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடி யோசித்தாள். "ஏழு ரெண்டு ஏழு ஒம்போது... படிக்கட்டுல சிவப்பு வாளி இருக்கும். வா." இருந்தது. எல்லாம் அப்படி நினைவிலிருந்து வரவில்லை. வராதபோது என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விவரிக்க மாட்டேன்.

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். "என்னக்கா, இன்னிக்கு இவ்ளோ நேரம்?"

"ஆள் புதுசு," என்று என்னைக் காட்டினாள் அம்மா. "படிச்ச பொண்ணு. அதான் லேட்டாகுது."

ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியைக் கொடுத்ததும் கதவைப் படம் எடுக்க வைத்தாள். நான்கு எண்களை அவளே எழுதினாள். என் விரல் படவிடவில்லை. ஏழு மணிக்கு குடோனில் எண்ணிப் பார்த்தபோது ரிட்டர்ன் மூன்று. சூப்பர்வைசர் நோட்டில் குறித்துக்கொண்டார். ரூட் தப்பியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என் போனைப் பத்தி என்னமோ எழுதினியாமே. எத்தன பேர் படிச்சாங்க?"

"நாலாயிரம் பேர் இருக்கும்."

"என்ன சொன்னாங்க?"

பதிவின் கீழே குவிந்திருந்த சிரிப்புப் பொம்மைகளை எப்படிச் சொல்வது? "நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"அத்தன பேர்ல ஒருத்தருக்குக்கூடவா கேக்கத் தோணல, எதுக்கு இவ இத்தன கதவ எடுத்து வெச்சிருக்கான்னு?"

பதிவை நீக்கினேன். நீக்கியது அம்மாவுக்காகவா, என் மானத்துக்காகவா என்று இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. எதையும் கேட்காமல் சுத்தம் செய்வதுதானா என் பட்டம் எனக்குக் கற்றுக்கொடுத்தது?

விடுமுறை தொடங்கிய பிறகுதான் நாங்கள் மூவரும் கடைக்குப் போனோம். விமர்சனம் எழுத ஒரு ஹெட்போன் வாங்குவதாக இருந்தேன். அதற்குப் பதிலாக அம்மாவின் போனுக்குப் பெரிய மெமரி கார்டு வாங்கினோம். கடைக்காரர் போனைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரே கதவா இருக்கேம்மா. தேவையில்லாததெல்லாம் அழிச்சுக் குடுக்கட்டுமா?"

அம்மா போனை வெடுக்கென்று பிடுங்கினாள். "கைய வெச்சீங்க, அவ்ளோதான்."

சொன்னது கடைக்காரரிடம். பார்த்தது என்னை.

கார்டைப் போடவும் அப்பாவிடம்தான் கொடுத்தாள். அவர் தலைகீழாகச் செருகப் பார்த்தார். நான் வாய் திறக்காமல் நின்றேன். இன்றைய கணக்குக்கு அறுநூற்றுப் பத்துக் கதவுகள் சேர்ந்திருக்கின்றன. அந்தப் போன் இன்னும் என் கைக்கு வரவில்லை.