மாரியாயியின் நம்பர்

தேயிலை விலை பாதாளத்துக்குப் போனதில் மூடிக் கிடந்த ஓவேலிப் பக்கத்து எஸ்டேட், திங்கட்கிழமை திறக்கப்போகிறது என்று சேதி வந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயமே துள்ளியது. கொண்டாட வேண்டாமா? ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி சில்வஸ்டர் கூடலூருக்குப் போய் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்தார். அட்டையில் சிலுவை இருந்ததால் இயேசு படம் என்று நம்பிவிட்டார், பாவம்.

படமோ பேய்ப்படம்! உலகம் முடியும் காலத்தில் சாத்தான் மனிதக் குழந்தையாய் வந்து பிறக்கிறான். அவன் உடம்பில் 666 என்று அடையாளம். லயத்து ஜனம் ஒருவர் மடியில் ஒருவர் ஏறாத குறை. மாரியாயிதான் முன்வரிசை. சிலோனில் பிறந்து கப்பலேறி வந்து, கொழுந்து பறித்தே இரண்டு பெண்களைக் கரையேற்றிய மனுஷிக்குப் பயமாவது ஒன்றாவது! "அடியேய், பின்னால பாருடி!" என்று திரையிலிருந்த வெள்ளைக்காரியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் யாரோ கத்தினார்கள்: "ஆத்தாடி, இது நம்ம மாரியாயி நம்பரு!"

ஆள் பேர் பதியும் செக்ரோலில் அவள் எண் அதுவேதான். எஸ்டேட்டில் பெயர் யாருக்கு வேண்டும்? காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் எல்லோருக்கும் நம்பர்தான்.

விடிந்ததும் பேச்சு மாறிவிட்டது. விலை விழுந்ததே இந்த நம்பரால்தானாம். அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிக்க மாட்டோம் என்றார்கள். சில்வஸ்டரே வீடு தேடி வந்தார்.

"மாரியாயி, புது நம்பர் போட்டுத் தாரேன். வாங்கிக்க."

"புது நம்பருன்னா புது ஆளு. இத்தன வருச சர்வீசு என்னா ஆகுறது? கிராஜுவிட்டிய அந்தச் சாத்தானா வந்து குடுப்பான்?"

"அந்த நம்பர என் வாயால கூப்புட மாட்டேன்."

"கூப்புடாட்டி எனக்கு வேல இல்ல. அப்புடித்தானே மேஸ்திரி?"

அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பெரட்டில் மாரியாயி கூடையோடு வந்து நின்றாள். எதிரே மலை முழுக்கக் கொழுந்து தளதளவென்று நிற்கிறது, கை பரபரக்கிறது, கூப்பிடுவாரா மாட்டாரா? வரிசையாகப் பெண்களைக் கூப்பிட்டு வந்த சில்வஸ்டர், அறுநூற்று அறுபத்தைந்தில் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாரியாயி!" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று அவளே திரும்பிப் பார்த்தாள். அடுத்து நின்ற கோகிலவாணி இடுப்பில் இடித்த பிறகுதான் உறைத்தது. பெரட்டில் அவள் பெயர் கேட்டது அதுவே முதல் தடவை. "வந்திருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

சில்வஸ்டர் பெருமூச்சு விட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

கோகிலவாணி அசையவில்லை.

"எனக்கும் பேரு இருக்கு மேஸ்திரி" என்றாள்.