மாதா படத்தின் பின்னால் இருக்கும் முகம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். ஜெபமாலை பிடிக்கிற கையால் தன் அழகைப் பற்றி எழுதினால் கர்வமாகிவிடுமோ என்று பயம். எங்கள் வீட்டு மாதா படத்தின் பின்னால் என்னுடைய சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று செருகியிருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னால் என் ஓரகத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். அவளுக்காகவே துணிந்தேன்.

எழுபதுகளின் நடுவில் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு முப்பதுகூட நிறையவில்லை. நான்கு பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. விடியுமுன் ரொட்டி தட்டி, சின்னதுகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவேன். வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி கணவர் சவரம் செய்வதற்கானது. அவர் உயரத்துக்கு ஆணியில் தொங்கும். அதில் என் உச்சி வகிடு மட்டுமே தெரியும். தலையைத் தடவிப் பார்த்தே வாரிக்கொள்வேன்.

எங்கள் மலைநாட்டுத் தோட்டத்து ஜனங்கள் கடல் தாண்டி இந்தியாவுக்கே திரும்பிப் போக விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் காலம் அது. அதற்குப் படம் வேண்டும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து ஏழு பெண்கள் ஹட்டனுக்கு பஸ் ஏறினோம். நல்ல சேலை ஓரகத்தியிடம் மட்டும்தான் இருந்தது. படக் கடையின் திரைக்குப் பின்னால் ஒருத்தி அவிழ்க்க அடுத்தவள் கட்டி, ஏழு பேரும் அந்த ஒரே சேலையில் உட்கார்ந்து எழுந்தோம். என் முறை வந்தபோது ஓரகத்தி என் சிக்குத் தலையை வாரிக்கொண்டே, "குருவிக்கூடு மாதிரி இருக்குடி. எங் கொழுந்தன் இத எப்புடித்தான் பாக்குறாரோ" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமலேயே படத்துக்கு உட்கார்ந்தேன்.

படங்கள் வந்த அன்று ஓரகத்தி வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், பாய் விரித்துப் பரப்பினோம். ஒரே சேலையில் ஏழு முகங்கள். நான் யோசிக்கவே இல்லை. கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்திருந்த ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து எங்களோடு படமெடுக்க வந்திருந்த, பேரன் பேத்தி கண்ட பெரியம்மா தன் படத்தைத் தேடி அலுத்து, கடைசியில் என் முந்தானையைப் பிடித்து அவிழ்த்தார். "ஏ ஆத்தா, எம் மூஞ்சிய எங்க தூக்கிட்டுப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். பாயில் ஒரு படம் மிஞ்சியிருந்தது. நிமிர்ந்த கழுத்து, பெரிய கண்கள், சிரிப்பை அடக்கும் உதடு.

"இது யாருதுக்கா?" என்று நான் மெய்யாகவே கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஓரகத்தி அதை என் கையில் வைத்து, "நீதான்டி. ஒன்னைய நீ பாத்து எத்தன வருசமாச்சு?" என்றாள்.

வேறொருவர் படம் எங்கள் விண்ணப்பத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் பிறகுதான் வந்தது. முப்பது நிறையும் முன்னே என்னை நானே கிழவியென்று முடிவுகட்டி, அந்த முகத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் முடிந்துகொண்டேனே, அந்த அதிர்ச்சிதான் முதலில்.

விஷயம் கணவர் காதுக்கும் போனது. மறுநாள் காலையில் கண்ணாடி என் கண் உயரத்துக்கு இறங்கியிருந்தது. "இனி நான் குனிஞ்சுக்கிறேன்" என்றார். அன்று பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகும் நேரத்தில் கங்காணி வழக்கம்போல் அதட்டினார். முதல் தடவையாக அவர் முகத்தை நேரே பார்த்து, "குடுத்துட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் விலகி வழி விட்டார். அதுவும் எனக்கு அதிர்ச்சிதான்.

ஓரகத்திக்கு அனுமதி கிடைத்து, அந்தச் சேலையோடு கப்பலேறிப் போனாள். எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு கடிதங்களுக்குப் பிறகு அவளிடமிருந்து தகவல் இல்லை.

போன வாரம் மகள் மாதா படத்தைத் துடைக்கும்போது என் படம் கீழே விழுந்தது. "யாரும்மா இது?" என்றாள். இப்போது என் முகம் அந்தப் பெரியம்மாவின் முகம் போலவே ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு நொடிகூடத் தயங்காமல், "நான்தான்" என்றேன்.

வாசிக்கிறவர்கள் பிள்ளை வளர்க்கும் நாலு பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் அழகைக் கூட்டவேண்டாம். நான் யாருடைய படத்தை எடுத்தேன் என்பதை மறைக்கவும் வேண்டாம்.