பூட்டிய அலமாரிக்குள் கட்டைவிரல்

கறார் என்பது நாங்கள் அவளுக்கு வைத்த பெயர். எங்கள் முதியோர் இல்லத்தில் பதினோரு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தவள். யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. யாருக்கும் படுக்கைப்புண் வரவிட்டதும் இல்லை.

யாருக்கு எதை எப்படிக் கொடுப்பது என்று கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கும். புதிதாக வந்த மேலாளர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லா அட்டைகளையும் கழற்றிக் குப்பைப் பையில் கட்டிவைத்தார். வேலை செய்யும் எங்கள் பதினான்கு பேருக்கும் இல்லத்துச் செலவில் ஃபோன் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே ரகசிய எண். தகவல் இனி வாட்ஸப் குரூப்பில் வரும். படித்தவர்கள் பதிலாகக் கட்டைவிரல் படம் போட வேண்டும். ஆனால் குளிப்பாட்டும்போது நனைந்துவிடுமாம், அதனால் காலை எட்டு மணிக்கே ஃபோன்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாலைதான் திறப்பார்.

"அப்போ எப்ப சார் படிக்கிறது?" என்றாள் கறார்.

"எல்லாத்துக்கும் ஏம்மா குறுக்க பேசறே? உலகம் எங்கேயோ போயிடுச்சு."

"உலகம் போகட்டும் சார். நான் நாலாம் ரூமுக்குப் போகணும்."

ஒரு நாள் பத்து மணிக்குக் குரூப்பில் செய்தி: ஏழாம் அறைக்காரருக்கு விழுங்கச் சிரமம், இனி தண்ணீரைப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கறார் அவருக்கு வெறும் தண்ணீர் கொடுத்தாள். புரையேறி, முகம் நீலமாகி, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார்.

மறுநாள் அவருடைய மகளை உட்காரவைத்துக்கொண்டு மேலாளர் கறாரைக் கூப்பிட்டார். "படிச்சேன்னு விரல் போட்டிருக்கே. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"குடுத்தது என் கைதான். இல்லேன்னு சொல்லல. விரல் எத்தனை மணிக்குப் போட்டேன்?"

"பத்து பத்துக்கு."

"மத்தவங்க?"

மேலாளர் கையிலிருந்த ஃபோனை மேசையில் கவிழ்த்தார். மகள் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். பதினான்கு விரல்களும் மூன்று நிமிடத்துக்குள் போடப்பட்டிருந்தன.

"அப்போ ஃபோனெல்லாம் அலமாரிக்குள்ள இருந்துச்சு. சாவி யாரு இடுப்புல சார்?"

"தலைமை ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாங்களான்னு கேக்கறாங்கம்மா..." என்று மகளைப் பார்த்து இழுத்தார்.

"எங்கப்பா செத்திருந்தாலும் விரல் போட்டிருப்பீங்களா?"

கறாரின் வேலை தப்பியது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை. குப்பைப் பையிலிருந்து ஏழாம் அறை அட்டையை எடுத்து வந்து மேலாளர் முன் போட்டாள்.

"எழுதுங்க சார். இன்னும் பெருசா. ரெண்டடி தள்ளி நின்னாலும் தெரியணும்."

அவர் எழுதினார்.